மாதாவிடம் கேட்டும் போகாத பயம்

ஆண்டவருக்குள் என் உறவுகளே, எனக்கு மேடையில் நின்று பேசத் தெரியாது. கீழே நின்றுகொண்டு மேலே இருக்கிறவனைப் பார்த்துக் கத்தத்தான் தெரியும். குரல் கூடிப்போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் பெயர் பேணாட். நான் சொல்ல வந்தது எனக்கு வந்த ஒரு பயத்தைப் பற்றி. அந்தப் பயம் என்னை உயிரோடு தின்றுகொண்டிருந்தது. அதை எடுத்துவிடச் சொல்லி நான் மாதாவிடம் கெஞ்சாத நாள் இல்லை.

என் தொழிலை முதலில் சொல்லவேண்டும். கட்டடம் எழும்பும்போது அதைச் சுற்றி இரும்புக் குழாய்களைப் பூட்டி, குறுக்கே பலகை போட்டு, மேசன்மாரும் பெயின்ற் அடிக்கிறவர்களும் நின்று வேலை செய்யத் தட்டுத் தட்டாக அமைத்துக் கொடுப்போம். வேலை முடிந்ததும் கழற்றி இறக்குவோம். எழுதுகிறவர்கள் அதைச் சாரக்கட்டு என்பார்கள். எங்கள் வாயில் அது ஸ்கபோல்ட். கட்டுவதை விடக் கழற்றுவதுதான் பொல்லாத வேலை. கட்டும்போது கீழே இறுக்கிய தட்டை நம்பி மேலே போகிறோம். கழற்றும்போது நிற்கிற இடத்தையே கழற்றிக்கொண்டு வருகிறோம்.

குருநகர்ப் பக்கத்தில் என் ஆட்கள் எல்லோரும் கடலுக்குப் போனவர்கள். எனக்குக் கடல் ஒத்துவரவில்லை. வள்ளத்தில் ஏறினால் கரை மறைவதற்கு முன்பே தின்றதையெல்லாம் சத்தி எடுப்பேன். ஊர் முழுக்கச் சிரித்தது. அதனால்தான் கரையில் உயரத்துக்குப் போனேன். உயரத்தில் எனக்கு ஒன்றும் செய்யாது. பூனை மதிலில் நடக்கிற மாதிரி நடப்பேன். அந்தத் திமிர் எனக்கு நிறைய இருந்தது.

என் மனைவி றீற்றா. அவளுக்கு ஒரே ஒரு தம்பி, ஜெறோம். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். பள்ளிக்கூடம் முடிந்ததும் அவன் கடலுக்குப் போகப் புறப்பட்டான். றீற்றா விடவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினாள்.

"இவனை உங்களோடை கூட்டிக்கொண்டு போங்கோ. உங்களை நம்பித்தான் விடுறன்," என்றாள்.

அது சும்மா சொன்ன சொல் இல்லை. அன்றிலிருந்து காலையில் அவன் சாப்பாட்டுப் பார்சலைக் கொடுக்கும்போது அவள் அவனைப் பார்க்கமாட்டாள். என்னைத்தான் பார்ப்பாள். அவன் கலியாணம் கட்டி ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பனான பிறகும் அந்தப் பார்வை மாறவில்லை.

இப்போது சிவகுருவைப் பற்றிச் சொல்லவேண்டும். சிவகுரு வல்வெட்டித்துறைப் பக்கம். நானும் அவனும் ஒரே காலத்தில் இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள். நான் மாதாவைக் கும்பிட்டுவிட்டு ஏறுவேன், அவன் முருகனைக் கும்பிட்டுவிட்டு ஏறுவான், மேலே போய் இரண்டு பேரும் ஒரே பார்சலில் சாப்பிடுவோம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் மாணவர்கள் தங்குவதற்கென்று ஒரு மாடிக் கட்டடம். வேலை முடிந்து கழற்றிக்கொண்டிருந்தோம். பலகை ஒன்று நகர்ந்து, ஒரு முனை தாங்குகிற குழாயைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மேலே இருந்து பார்க்கத் தெரியாது. சிவகுரு அந்த நீட்டிய முனையில் காலை வைத்தான். மறுமுனை எழும்பியது. அவன் கத்தவில்லை. எனக்கும் அவனுக்கும் இடையில் கையெட்டும் தூரம்கூட இல்லை. அவன் என்னைப் பார்த்துக்கொண்டே போனான்.

உயிர் இருக்கிறது. முள்ளந்தண்டு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. அவனுக்காகவும் நான் செபித்தேன், இன்றும் செபிக்கிறேன். அவன் எழும்பவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி இங்கே நின்று அளப்பதற்கு எனக்கு வாய் வராது.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. முதலில் கைதான் சொன்னது. ஏணியைப் பிடித்தால் உள்ளங்கை வேர்த்து வழுக்கும். பிறகு முழங்கால். முதல் தட்டு வரை போவேன். அதற்கு மேல் கால் நகராது. வாய் காய்ந்து, காதுக்குள் இரைச்சல் கேட்கும். சிவகுருவின் கண் வந்து முன்னால் நிற்கும். நான் உடனே ஏதோ மறந்துபோனவனைப் போலக் கீழே இறங்கிவிடுவேன். கிளிப் பார்க்கப் போகிறேன் என்பேன், பலகை பார்க்கப் போகிறேன் என்பேன். குழாயோடு குழாயைப் பிடிக்கிற இரும்புப் பூட்டைத்தான் கிளிப் என்கிறோம். அந்த நாட்களில் நான் பார்த்த அளவுக்கு யாழ்ப்பாணத்தில் ஒருவரும் கிளிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

இதில் எனக்கு நெஞ்சு வெடித்த விஷயம் வேறு. நான் ஏறாவிட்டாலும் யாராவது ஏறத்தானே வேண்டும். என்னிடம் வேலை செய்தவர்களில் துடியாட்டமானவன் ஜெறோம். நான் ஏறாத இடத்துக்கெல்லாம் அவன் ஏறினான். எந்த உயரத்தை நினைத்து என் குலை நடுங்கியதோ, அந்த உயரத்தில் என்னை நம்பி விடப்பட்ட பிள்ளை சிரித்துக்கொண்டு நின்றான். அண்ணாந்து பார்க்கவே எனக்குப் பயம். பார்க்காமல் இருக்கவும் பயம்.

யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? கடலில் சத்தி எடுத்தவன், இப்போது கரையிலும் ஏலாதவன் என்று ஊர் சிரிக்காதா? செபக்கூட்டத்தில் ஒருநாள் சகோதரர் ஒருவர் என் தலையில் கை வைத்து, உங்களுக்கு என்ன வருத்தம் என்று கேட்டார். முதுகுவலி என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் சேர்ந்து என் முதுகுக்காக உருக்கமாகச் செபித்தார்கள். என் முதுகு நன்றாகத்தான் இருந்தது.

வீட்டில் செபமாலை சொல்லி முடிந்த பிறகும் மாதாவின் படத்துக்கு முன்னால் முழந்தாளில் இருப்பேன். றீற்றாவும் பக்கத்தில் இருப்பாள். நான் வாய்க்குள் கேட்பேன். "தாயே, இந்தப் பயத்தை எடுத்துவிடும். நான் பழைய பேணாட்டாக வேண்டும். இந்தப் பெடியனை இறக்கிவிட்டு நானே மேலே நிற்கவேண்டும்." நவநாள் வைத்தேன். மெழுகுதிரி கொளுத்தினேன். வெள்ளிக்கிழமைகளில் ஒருநேரம் மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தேன். பயம் அசையவில்லை. எனக்குக் கோபம் வந்தது. உள்ளதைச் சொல்கிறேன், மாதாவோடு சண்டை பிடித்தேன். "மற்றவர்களுக்குப் புற்றுநோய் மாறுகிறது என்கிறார்கள், என்னுடைய முழங்கால் நடுக்கம் உமக்குப் பெரிய வேலையா" என்று கேட்டேன். தொழிலை விடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று நினைத்தேன். விட்டால் என்ன செய்வது என்றும் தெரியவில்லை. சில நாட்களில் செத்தாலும் பரவாயில்லை என்றுகூட மனம் போனது.

இந்த நிலையில்தான் எங்கள் பங்குக் கோயில் வேலை வந்தது. திருவிழாவுக்கு முன்னர் மணிக்கோபுரத்துக்குப் பெயின்ற் அடிக்கவேண்டும். கோபுரம் கடலைப் பார்த்து நிற்கிறது. திரும்பி வருகிற வள்ளங்கள் அந்த வெள்ளையைப் பார்த்துத்தான் கரை பிடிக்கும். அதனால் கடற்றொழிலாளர்கள் தாங்களே முறை வைத்து அடிப்பதென்று முடிவெடுத்தார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவர் அந்தோனிப்பிள்ளைச் சம்மாட்டியார். பல வள்ளங்கள் வைத்திருக்கிறவர். அவர் சொன்னால் அந்தக் கரையில் மறு பேச்சு இல்லை. நாங்கள் தட்டு அமைத்துக் கொடுப்பதென்று பேச்சு.

கோபுரத்தின் முகப்பில் உச்சி வரை கட்டினோம். உயரமான சாரக்கட்டு தன் காலில் நின்றால் மட்டும் போதாது. காற்று தள்ளினால் முன்னால் விழுந்துவிடும். அதனால் இடைக்கிடை சுவரில் துளை போட்டு, ஆணி இறுக்கி, அதிலிருந்து ஒரு குட்டிக் குழாயால் சாரக்கட்டைப் பிடித்து வைப்போம். அதைப் பிடி என்போம். கழற்றும்போது மேலே இருந்து ஒவ்வொரு தட்டாக இறங்கி வந்து, அந்தந்தத் தட்டுக்கு வரும்போதுதான் அந்தந்தப் பிடியைக் கழற்றவேண்டும். முந்திக் கழற்றவே கூடாது. நான் கீழே நின்று சொல்லச் சொல்ல ஜெறோம் மேலே நின்று எல்லாப் பிடியையும் இறுக்கினான்.

எனக்குக் காங்கேசன்துறைப் பக்கம் ஒரு வீட்டு வேலை இருந்தது. போவதற்கு முன் சம்மாட்டியாரிடம் சொன்னேன்.

"பெயின்ற் அடியுங்கோ, என்னவும் செய்யுங்கோ. உந்தப் பிடியளிலை மட்டும் ஒருத்தரும் கை வைக்கவேண்டாம்."

"ஓம் தம்பி, நீ யோசியாமல் போட்டு வா," என்றார்.

அவர் என்னை ஏமாற்றவேண்டும் என்று நினைக்கவில்லை. அது எனக்கு இன்றும் தெரியும்.

பெயின்ற் முடிந்து, கழற்றுவதற்குக் குறித்த நாள் வந்தது. கொடியேற்றம் நெருங்கிவிட்டது. சோளகக் காற்று பலத்து வீசுகிற காலம். காலைப் பூசை முடிந்து சனம் வெளியே வந்துகொண்டிருந்தது. பெயின்ற் தெறிக்காமல் இருக்கச் சம்மாட்டியாரின் ஆட்கள் சாரக்கட்டின் வெளிப்பக்கத்தில் பெரிய தறப்பாள் சீலை ஒன்றைக் கட்டியிருந்தார்கள். நான் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வருவதற்குள் ஜெறோமும் இன்னும் இரண்டு பேரும் வெளிப்பக்கத்து ஏணியால் ஏறி, தறப்பாளுக்குப் பின்னால் மறைந்து, உச்சித் தட்டுக்குப் போய்விட்டார்கள். அவனுக்கு எதிலும் அவசரம்.

அன்று நான் ஏறுவதென்று முடிவெடுத்துத்தான் வந்திருந்தேன். கோயில் வேலை. மாதாவின் கோபுரம். இங்கேயும் ஏறமுடியாவிட்டால் நான் மனுசனா? அடியில் போய் நின்று குழாயைப் பிடித்தேன். அவ்வளவுதான். கால் வரவில்லை. பிடித்த கையை விடவும் முடியவில்லை. பூசை முடிந்து வந்தவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். "என்ன பேணாட், தூணுக்கு முட்டுக் குடுக்கிறியோ," என்று ஒருவர் பகிடி விட்டுக்கொண்டு போனார். எனக்கு அழுகை வந்தது. கண்ணை மூடினேன். மாதாவிடம் கடைசியாகச் சொன்னேன். "இவ்வளவு கேட்டும் நீர் தரவில்லை. சரி, இனி நான் கேட்கவில்லை."

அப்படிச் சொல்லிவிட்டு நின்றபோதுதான் என் உள்ளங்கைக்குள் குழாய் அசைந்தது.

நடுக்கம் என்னுடையது என்றுதான் முதலில் நினைத்தேன். என் நடுக்கம் எனக்குத் தெரியும், அது சின்னச் சின்னதாக விடாமல் வரும். இது அப்படி இல்லை. மெதுவாக வெளியே போனது, நின்றது, திரும்பி வந்தது. நான் கண்ணைத் திறந்து கீழே பார்த்தேன். குழாயின் அடியில் இருக்கிற இரும்புத் தகடு அடிப்பலகையை விட்டு விரல் நுழைகிற அளவுக்கு எழும்பி, பிறகு பலகையில் அமர்ந்தது. அமரும்போது முந்தி இருந்த இடத்தில் அமரவில்லை. கொஞ்சம் தள்ளி இருந்தது. பலகையின் ஓரத்துக்கு இனி அதிக தூரம் இல்லை.

தலையைத் தறப்பாளுக்கு உள்ளே விட்டு அண்ணாந்து பார்த்தேன். சுவர் பாலைப் போல வெள்ளையாக இருந்தது. ஒரு புள்ளி இல்லை. பிடி ஒன்றும் இல்லை. உச்சிக்குக் கொஞ்சம் கீழே, மணி தொங்குகிற அறையின் யன்னலுக்குள் இருந்து இரண்டு நீலக் கயிறுகள் வந்து சாரக்கட்டில் கட்டியிருந்தன. வள்ளம் கட்டுகிற நைலோன் கயிறு.

உறவுகளே, மேலே நிற்கிறது ஜெறோம்.

"ஜெறோம், ஒருத்தரும் அசையாதேங்கோ," என்று கத்தினேன்.

"என்ன அத்தான், இப்பதானே ஏறினனாங்கள்," என்று மேலே இருந்து சிரிப்பு வந்தது.

"சொன்னதைச் செய். பலகையைத் தொடாதை. சுவர்ப் பக்கமா இரு. மற்ற ரண்டு பேரையும் இருத்து."

என் குரலில் ஏதோ இருந்திருக்கவேண்டும். சிரிப்பு நின்றது. சம்மாட்டியார் கோயில் வாசலில் இருந்து வந்தார்.

"என்ன தம்பி, விடிய வெள்ளன சத்தம்?"

"பிடியளை ஆர் கழட்டினது?"

"நாங்கள்தான். அந்த இடமெல்லாம் பெயின்ற் படாமல், கடலிலை இருந்து பாக்கக் கறள் பிடிச்ச மாதிரிக் கிடந்தது. திருவிழாவுக்கு வாற சனம் என்ன சொல்லும்? அதுதான் கழட்டிப்போட்டுத் துளையளை மூடினனாங்கள். நீ பயப்பிடாதை. பதிலுக்குக் கயித்தாலை மணி உத்தரத்திலை வடிவாக் கட்டிக் கிடக்கு. என்ரை கையாலை போட்ட முடிச்சு. புயலடிச்சாலும் அவிழாது."

"முடிச்சு அவிழாது, சம்மாட்டியார். அது எனக்குத் தெரியும். ஆனா நீங்கள் வள்ளம் கட்டுற மாதிரி இளக்கம் விட்டுக் கட்டியிருக்கிறியள். வள்ளம் அலைக்கு ஆடவேணும். இது ஆடப்படாது."

அவருக்கு நான் மேலும் ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. வள்ளத்தை இறுக்கிக் கட்டினால் அலை தூக்கும்போது கயிறு அறும், அல்லது வள்ளம் உடையும். அதனால் எங்கள் கரையில் பிறந்தவனின் கை தானாகவே இளக்கம் விடும். அவர் கையும் விட்டிருக்கிறது. அவர் அண்ணாந்து பார்த்தார். அந்த நேரம் ஒரு காற்று வந்தது. தறப்பாள் வள்ளத்துப் பாயைப் போல ஊதிக்கொண்டு எழும்பியது. கட்டு முழுவதும் வெளியே சாய்ந்து, கயிறு வெடுக்கென்று இறுகி, திரும்பிச் சுவரில் போய் மோதியது. அடித்தகடு மறுபடியும் இடம் மாறியது. சம்மாட்டியார் தலையில் கையை வைத்தார்.

நாலைந்து பேர் ஓடிவந்து தறப்பாளைக் கீழே இருந்து இழுக்கப் போனார்கள். நல்ல மனதோடுதான் வந்தார்கள். "இழுக்காதேங்கோ, இழுத்தா உங்களுக்கு மேலைதான் வரும், அங்காலை போங்கோ," என்று அவர்களை நான் தள்ளிவிடவேண்டியிருந்தது. சனத்தைத் தூரத்தில் நிறுத்தினோம். அங்கேதான் றீற்றா நின்றாள். எங்களுக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். தேத்தண்ணீர்ப் போத்தலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டு நிற்க முடியாமல் நான் மேலே திரும்பினேன்.

"அத்தான், நாங்கள் ஏணியாலை இறங்கட்டோ?" ஜெறோமின் குரல் வேறாக இருந்தது.

ஏணி வெளிப்பக்கம். மூன்று பேரின் பாரமும் வெளிப்பக்கம் வந்தால், அதோடு ஒரு காற்றும் வந்தால், முடிந்தது.

"இறங்காதை. உள்ளாலை எடுக்கிறன்."

"அத்தான், எனக்குப் பயமாக் கிடக்கு."

அவன் அப்படிச் சொன்னதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் ஒருவரிடமும் சொல்லாததை, முழுப் பங்குச் சனமும் கேட்க, உரத்த குரலில் சொன்னேன்.

"எனக்கும் பயம்தான். எனக்குக் கனகாலமாப் பயம். நல்லாப் பயந்துகொண்டு இரு. பயந்தாத்தான் அசையாமல் இருப்பாய். உன்னட்டைக் கத்தி இருக்கோ?"

"ஓம்."

"காற்று அடங்கின நேரம் பாத்து, இருந்த இடத்திலை இருந்து கை எட்டுற தறப்பாள் கயிறுகளை வெட்டு. எழும்பாதை. மற்றவையையும் அப்பிடிச் செய்யச் சொல்லு."

ஒவ்வொரு கயிறாக அறுந்தது. தறப்பாள் மேலே இருந்து கழன்று, தன் பாரத்தில் கீழே வந்து விழுந்தது. காற்றுக்குப் பிடிக்க அவ்வளவு இடம் இனி இல்லை. ஆனாலும் ஆட்டம் நிற்கவில்லை. சுவரோடு பிடித்துக் கட்டாமல் அது நிற்காது. பிடி போடத் துளையும் இல்லை, எல்லாம் மூடிக் கிடந்தது. இருந்த ஒரே வழி மணி அறை யன்னல். அதில் காற்றோட்டத்துக்குச் சாய்வாக மரச்சட்டங்கள் அடித்திருந்தன. அதுவும் புதிதாகப் பெயின்ற் அடித்தது. எங்கள் பங்குச் சுவாமி பூசை உடுப்பைக் கழற்றாமலே ஓடிவந்திருந்தார்.

"சுவாமி, மணி அறை யன்னலை உடைக்கவேணும்," என்றேன்.

"உடை பேணாட். என்னைக் கேட்டுக்கொண்டு நிக்காதை."

நான் ஒரு நீளக் குழாயும் ஒரு கட்டைக் குழாயும் கிளிப்புகளும் எடுத்தேன். குழாயின் மறுமுனையை யாரோ தூக்கினார்கள். திரும்பிப் பார்த்தேன், சம்மாட்டியார். அவருக்குப் பின்னால் அவருடைய ஆட்கள் மூன்று நாலு பேர். கோபுரத்துக்கு உள்ளே இருக்கிற ஒடுக்கமான படி. பயம் போய்விட்டது என்று நீங்கள் நினைப்பீர்கள். சாட்சி சொல்கிறவர்கள் அப்படித்தான் சொல்லுவார்கள், அந்த நிமிடமே ஆண்டவர் தொட்டார், எல்லாம் மாறியது என்று. எனக்கு மாறவில்லை. ஒவ்வொரு படியிலும் முழங்கால் அடித்தது. உள்ளங்கை வேர்த்து ஒழுகியது. அதோடேயே ஏறினேன்.

மணி அறையில் சட்டங்களைக் கோடாலியின் மொட்டைப் பக்கத்தால், பிடங்கால், உடைத்தோம். வெளியே கையெட்டும் தூரத்தில் சாரக்கட்டின் குழாய் வருவதும் போவதுமாக இருந்தது. அசைகிற குழாயில் கிளிப் போட முடியாது. சம்மாட்டியார் உத்தரத்தில் இருந்த தன் முடிச்சைப் பார்த்தார்.

"தம்பி, ஒரு வள்ளத்தைக் கரையோடை அணைக்கிற மாதிரி அணைப்பம். போகேக்கை இழுக்கப்படாது. வரேக்கை மட்டும் இளக்கத்தை எடுக்கவேணும்."

அவர்கள் கயிற்றைப் பிடித்தார்கள். கட்டு வெளியே போகும்போது இழுக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே வரும்போது வந்த அளவுக்குக் கயிற்றை எடுத்து உத்தரத்தில் சுற்றினார்கள். மறுபடியும் போகவிட்டு, மறுபடியும் எடுத்தார்கள். அவசரப்பட்டு ஒருவர் வெடுக்கென்று இழுத்திருந்தால் மேலே இருந்த மூன்று பேரும் போயிருப்பார்கள். ஒருவரும் அவசரப்படவில்லை. ஆட்டம் சுருங்கிச் சுருங்கி வந்து, கடைசியில் கட்டு யன்னலோடு ஒட்டி நின்றது.

கட்டைக் குழாயை யன்னலின் உட்பக்கத்தில் சுவருக்குக் குறுக்கே வைத்தோம். நீளக் குழாயை வெளியே நீட்டினேன். உள்ளே ஒரு கிளிப், வெளியே ஒரு கிளிப். வெளிக் கிளிப்பைப் பூட்ட, இடுப்பு வரை யன்னலுக்கு வெளியே நான் சரியவேண்டும். கீழே சனத்தின் தலைகள் தெரிந்தன. சிவகுருவின் கண்ணும் வந்தது. நான் திரும்பிச் சம்மாட்டியாரைப் பார்த்தேன்.

"எனக்குக் கை நடுங்குது," என்றேன்.

"நடுங்கட்டும். நான் பிடிச்சிருக்கிறன். நீ பூட்டு," என்று என் இடுப்பைக் கட்டிப் பிடித்தார்.

நடுங்கிய கையாலேயே பூட்டினேன். பயத்தில் மறுபடியும் இறுக்கினேன். இன்னும் நம்பாமல் மறுபடியும் இறுக்கினேன். பழைய பேணாட் என்றால் ஒருதரம் இறுக்கிவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டு போயிருப்பான். குழாயைப் பிடித்து உலுப்பிப் பார்த்தேன். கோபுரம் அசைந்தால்தான் அது அசையும்.

பிறகு மேலே இருந்தவர்களை ஒவ்வொருவராக உள்பக்கத்தால் ஒரு தட்டு இறங்கச் சொல்லி, யன்னலால் உள்ளே இழுத்தோம். ஜெறோம் மற்ற இருவரையும் முந்தி அனுப்பிவிட்டுக் கடைசியாக வந்தான். அவன் தோள் என் கைக்குள் வந்தது. மணிக்குக் கீழே அப்படியே இருந்து குழந்தைப் பிள்ளை மாதிரி அழுதேன். சம்மாட்டியாரும் அழுதார். "என்ரை கையாலை மூண்டு பெடியளைக் கொல்லப் பாத்திட்டன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஜெறோம்தான் அவரைத் தேற்றினான்.

கீழே வந்ததும் றீற்றா அவனைக் கட்டிப் பிடிப்பாள் என்று நினைத்தேன். முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டாள். "அத்தான் வரமுந்தி ஏறுவியோ, ஏறுவியோ," என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். பிறகுதான் கட்டிப் பிடித்தாள். தேத்தண்ணீர் ஆறிப்போயிருந்தது. எல்லோரும் அதைத்தான் குடித்தோம்.

அன்று கழற்றவில்லை. அடித்தகடுகளைச் சரிப்படுத்தி, மூடிய துளைகளைத் திறந்து, பிடிகளைத் திரும்பவும் போட்டோம். காற்று ஓய்ந்த ஒரு காலையில் மேலே இருந்து முறைப்படி கழற்றி இறக்கத் தொடங்கினோம். கொடியேற்றத்தன்று கோபுரத்தில் பாதிக் கட்டு இன்னும் நின்றது. ஒருவரும் குறை சொல்லவில்லை. சம்மாட்டியார் பூசையில் எழும்பி நின்று, பிழை தன்னுடையது என்று சனத்துக்குச் சொன்னார்.

நான் வீட்டில் இருந்து யோசித்தேன். பயமில்லாத பேணாட் அன்று வந்திருந்தால் என்ன செய்திருப்பான்? மோட்டார் சைக்கிளை நிறுத்தியதும் ஓடிப்போய் ஜெறோமுக்குப் பின்னால் ஏறியிருப்பான். நாலாவது ஆளாக அவன் பாரமும் சேர்ந்திருக்கும். குழாயைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்க ஒருவரும் இருந்திருக்கமாட்டார்கள். நான் எடுத்துவிடச் சொல்லி அழுத அந்தப் பயம்தான் என் காலைக் கட்டி, என் கையைக் குழாயில் வைத்தது. கேட்டதைத் தராமல் மாதா எனக்குச் செய்த உதவி இது என்று விளங்கியபோது எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

இப்போதும் எனக்குப் பயம் இருக்கிறது. நேற்றும் இருந்தது. என்னோடு வேலை செய்கிறவர்களுக்கு அது தெரியும், நானே சொல்லிவிட்டேன். காலையில் ஒருவரும் ஏறுவதற்கு முன் எல்லோரும் அடியில் நின்று குழாயைப் பிடித்துக்கொண்டு ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லுவோம். அதை முடிக்கும் மட்டும் கையில் ஆட்டம் தெரிகிறதா என்று பார்ப்போம். பிறகு நான் முன்னால் போய் ஒவ்வொரு பிடியையும் தொட்டுப் பார்த்துக்கொண்டு ஏறுவேன். மெதுவாகத்தான் ஏறுவேன். ஜெறோம் எனக்குப் பின்னால் வருவான். அவனுடைய அவசரமும் போய்விட்டது.

இங்கே வந்து சாட்சி சொல்லச் சொல்லி நீங்கள் கேட்டபோது, என்ன சொல்லப் போகிறேன் என்று றீற்றா என்னிடம் கேட்டாள். மாதா என்னுடைய செபத்தை வேறு விதமாகக் கேட்டருளினார் என்று சொல்லப் போகிறேன் என்றேன். அவள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு அழுதாள்.

"உங்கடை செபத்தை அவ கேக்கேல்லை. என்ரையைத்தான் கேட்டவ," என்றாள்.

"நீ என்ன கேட்டனீ?"

"சிவகுரு அண்ணை விழுந்த நாள் துவக்கம் உங்களுக்குப் பயம் எண்டு எனக்குத் தெரியும். நீங்கள் பக்கத்திலை இருந்து, பயத்தை எடும் எடும் எண்டு கேப்பியள். வாய்க்குள்ளை கேக்கிறதா நினைச்சுக்கொண்டு நல்லாச் சத்தமாத்தான் கேப்பியள். நான் மாதாவிட்டை, தாயே இந்த மனுசன் கேக்கிறதைக் குடுத்துப்போடாதேங்கோ, இவருக்கு இந்தப் பயம் இருக்கட்டும், இவையள் ரண்டு பேரும் பொழுதுபட வீட்டை வந்தாப் போதும் எண்டு கேட்டன்."

உறவுகளே, அத்தனை நாளும் நானும் அவளும் ஒரே படத்துக்கு முன்னால், தோளோடு தோள் முட்ட முழந்தாளில் இருந்து, ஒருவருக்கு ஒருவர் எதிராகச் செபித்திருக்கிறோம். நான் தோற்றேன். தோற்றதால்தான் இங்கே நிற்கிறேன். ஜெறோம் தன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அதோ பின்வரிசை வாங்கில் இருக்கிறான்.

நீங்கள் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போன ஒன்று உங்களுக்கும் இருக்கும். கோபம் வந்தால் என்னைப் போலச் சண்டை பிடியுங்கள், மாதா கோபிக்கமாட்டா. ஆனால் முழந்தாளை விட்டு எழும்பிப் போய்விடாதீர்கள். தராமல் வைத்திருக்கிறார் என்றால் உங்களுக்காக வேறு யாரோ பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். வீட்டுக்குப் போனதும் உங்கள் பக்கத்தில் முழந்தாளிடுகிறவரிடம், எனக்காக நீ என்ன கேட்கிறாய் என்று ஒருதரம் கேட்டுப் பாருங்கள். ஆமென்.